முதியோர் குடியிருப்பு: வரலாறு காட்டும் வரவும் செலவும்

'முதியோர் இல்லம்' என்பது நமது சமூகத்தில் நல்ல பெயர் எடுத்த சொல்லல்ல. குத்பாக்களில் அது பெற்றோரைக் கைவிட்ட பிள்ளைகளுக்கு எதிரான சாட்சியாகவே வருகின்றது. மேற்குலகின் குடும்பச் சிதைவுக்கு உதாரணம் தேடுவோரின் கைக்கு முதலில் அகப்படுவதும் அதுவே. இதற்கு ஆதாரமாக அல்குர்ஆனின் பதினேழாவது அத்தியாயத்தின் 23ஆம், 24ஆம் வசனங்கள் எடுத்துரைக்கப்படும். முதுமையடைந்த பெற்றோரை நோக்கி ஒரு சலிப்புச் சொல்லேனும் சொல்லலாகாது என்று பணிக்கும் வசனங்கள் அவை. பெற்றோர் 'உன்னிடத்தில்' முதுமையடைவதைப் பற்றியே அவ்வசனம் பேசுகின்றது என்பதையும் இங்கு கவனிக்க வேண்டும்.

ஆயினும் நாட்டின் நிலைமை வேறொரு திசையில் நகர்ந்துள்ளது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் அறுபது வயதும் அதற்கு மேற்பட்டவர்களும் நூற்றுக்கு 12.4 பேர். அதன் பின்னர் இவ்விகிதம் கூடியதேயன்றிக் குறையவில்லை. பிள்ளைகள் வளைகுடாவிலும் ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருக்கின்றார்கள். தொடர்மாடி வீட்டில் ஆறு பேருக்கு இரண்டு அறைகள். பிள்ளையில்லாதவர்களும், மணமாகாமலே வயது போன பெண்களும் எந்தக் கணக்கிலும் வராமல் ஏதோ ஓர் உறவினர் வீட்டு மூலையில் ஒதுங்கியிருக்கின்றனர். மறுபுறத்தில், கொழும்பையும் அதன் சுற்றுப்புறத்தையும் சார்ந்து, கட்டணம் பெற்று முதியோரை வைத்துப் பார்க்கும் குடியிருப்புகள் தோன்றியுள்ளன. அவற்றின் விளம்பரங்களில் முதுமை ஒரு நீண்ட விடுமுறையைப் போலக் காட்சியளிக்கின்றது.

குத்பாவின் கண்டனத்தையோ விளம்பரத்தின் புன்னகையையோ மட்டும் வைத்துக்கொண்டு இவ்விடயத்தில் முடிவெடுக்க முடியாது. முதியவர்கள் ஒன்றாகக் கூடி வாழும் ஏற்பாடு நேற்றுத் தோன்றியதன்று. முஸ்லிம் உலகிலும் அதற்கு வெளியிலும் பல நூற்றாண்டுகளாக அது பரீட்சித்துப் பார்க்கப்பட்டிருக்கின்றது. அப்பரீட்சைகளின் வரவையும் செலவையும் வரலாறு எழுதி வைத்துள்ளது. அதனைப் புரட்டிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கராபாவின் சிறு வீடுகள்

பதினைந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த எகிப்திய வரலாற்றாசிரியர் மக்ரீஸி (மரணம் 1442), கெய்ரோ நகரின் கட்டடங்களையும் வீதிகளையும் பற்றி எழுதிய 'அல்கிதத்' என்னும் பெருநூலில் ஓர் அரிய தகவலைத் தருகின்றார். கராபா மையவாடிப் பகுதியில் 'ரிபாத்' என அழைக்கப்பட்ட பல வீடுகள் இருந்தன. அவை நபி (ஸல்) அவர்களின் மனைவியரது இல்லங்களின் பாங்கில் அமைந்திருந்தன. வயது முதிர்ந்த பெண்களும் வணக்கத்தில் ஈடுபட்ட விதவைகளும் அவற்றில் வாழ்ந்தனர். அவர்களுக்கென உணவும் கொடுப்பனவும் ஒதுக்கப்பட்டிருந்தன.

நபியவர்களின் மனைவியரது இல்லங்கள் மதீனாப் பள்ளிவாசலை ஒட்டி நின்ற சிறு அறைகள். ஒவ்வொருவருக்கும் தனித்தனி அறை இருந்தது. ஊரின் மத்தியில், தொழுகைக்கு வருவோரும் கேள்வி கேட்க வருவோரும் நடமாடும் இடத்தில் அவை இருந்தன. கராபாவின் முதிய பெண்களுக்கு இந்த அமைப்பே முன்மாதிரியாகக் கொள்ளப்பட்டது என்பது சிந்தனைக்குரியது.

கெய்ரோ நகரின் உள்ளே இருந்த 'ரிபாதுல் பக்தாதிய்யா'வைப் பற்றி மக்ரீஸி இன்னும் விரிவாகக் கூறுகின்றார். மம்லூக் சுல்தான் பைபர்ஸின் மகள் ஹிஜ்ரி 684இல் (கி.பி. 1285) ஸெய்னப் என்ற பெண் அறிஞருக்காக அதனைக் கட்டினார். மணவிலக்குப் பெற்ற பெண்களும் கணவனால் கைவிடப்பட்ட பெண்களும் மறுமணம் செய்யும் வரை, அல்லது கணவனிடம் திரும்பும் வரை, அங்கே பாதுகாப்பாகத் தங்கினர். பொறுப்பாக எப்போதும் ஒரு பெண் அறிஞர் இருந்து அவர்களுக்கு மார்க்கச் சட்டத்தைக் கற்பித்தார். ஒழுங்குகள் கடுமையாக இருந்தன. அடைக்கலத்திற்கான விலையாக அக்கட்டுப்பாட்டை அப்பெண்கள் செலுத்தினர் எனலாம்.

இதற்கும் முந்திய மாதிரி ஒன்று ஸஹாபாக்களின் காலத்திலேயே உண்டு. ஸுபைர் இப்னுல் அவ்வாம் (ரழி) தமது வீடுகளை வக்பு செய்தபோது, மணவாழ்வு முறிந்து திரும்பி வரும் தமது பெண் மக்கள், தாமும் எவருக்கும் இடர் செய்யாது, தமக்கும் எவரும் இடர் செய்யாது அவ்வீடுகளில் வசிக்கலாம் என விதித்ததாக ஸஹீஹுல் புகாரி குறிப்பிடுகின்றது. ஒரு தகப்பன் தன் மகளை ஆண்மக்களின் மனப்பாங்கில் விட்டுவிடவில்லை. அவள் தங்குவதற்கான உரிமையை நிபந்தனையாகவே நிலைநிறுத்தினார். கவனிப்பது பிள்ளைகளின் கடமை என்று போதித்த அதே சமூகம், கடமை தவறுமிடத்தில் நிற்பதற்கு ஒரு கூரையையும் வக்பு மூலம் கட்டி வைத்திருந்தது என்பதற்கு இவை சான்றுகள்.

இவ்வேற்பாட்டின் பலவீனத்தையும் மறைக்கலாகாது. ஹிஜ்ரி 806இல் எகிப்தைப் பஞ்சம் தாக்கியது. அதன் பின்வந்த குழப்பங்களில் பக்தாதிய்யாவும் சீர்குலைந்தது. வக்பின் வருமானம் குன்றினால் அதனை நம்பியிருந்தவர்களும் குன்றிப்போனார்கள்.

ஒரு கில்டர் வாடகை

ஜெர்மனியின் ஓக்ஸ்பேர்க் நகரில் 'ஃபுக்கரை' என்றொரு குடியிருப்பு உள்ளது. பெரும் வணிகரான யாக்கோப் ஃபுக்கர் 1521இல் அதற்கான சாசனத்தை எழுதினார். நகரத்தின் வறிய கத்தோலிக்கத் தொழிலாளருக்காகத் தோன்றிய அது இன்றும் இயங்குகின்றது. இப்போது அங்கு வசிப்போரில் பெரும்பாலோர் முதியவர்கள். ஆண்டு வாடகை அன்று ஒரு ரைன் கில்டர். இன்றும் அதன் பெறுமதியாகக் கொள்ளப்படும் 0.88 யூரோ மாத்திரமே அறவிடப்படுகின்றது. அத்துடன், கொடையாளியின் ஆத்மாவுக்காக நாளாந்தம் மூன்று பிரார்த்தனைகள் செய்ய வேண்டும் என்பது நிபந்தனை. வக்பு செய்தவருக்காகத் துஆக் கேட்கும் நமது வழக்கத்தை இது நினைவூட்டுகின்றது.

ஃபுக்கரையில் கவனத்தை ஈர்ப்பது அதன் கதவுகள். வீடுகள் இரண்டு தட்டுக் கொண்டவை. கீழ்வீட்டுக்கும் மேல்வீட்டுக்கும் தெருவிலிருந்து தனித்தனி வாசல்கள் உள்ளன. இருட்டில் தன் வாசலைத் தடவி அறிந்துகொள்வதற்கு வாய்ப்பாக மணியிழுக்கும் கம்பிகளும் வெவ்வேறு வடிவில் செய்யப்பட்டுள்ளன. பெயரளவிலேனும் வாடகை உண்டு. ஆகவே அங்கிருப்பவர் தன்னைக் குடியிருப்பாளர் என்றே எண்ணிக்கொள்ள முடிகின்றது. ஐந்து நூற்றாண்டுகள் அது நிலைத்து நின்றதற்கு, குடும்பத்தின் காட்டு நிலங்கள் தரும் வருமானத்தோடு இந்த மனநிலையும் ஒரு காரணம் என்று கருத இடமுண்டு.

தண்டனையாக மாறிய அடைக்கலம்

இதற்கு நேரெதிரான அத்தியாயம் இங்கிலாந்தில் எழுதப்பட்டது. 1834ஆம் ஆண்டின் வறியோர் சட்டம், உதவி கேட்டு வருபவரை 'வேர்க்ஹவுஸ்' எனப்பட்ட மனைகளுக்குள் அனுப்பியது. வெளியே உழைக்கும் கடைநிலைத் தொழிலாளியின் வாழ்வைவிட உள்ளே இருப்பவரின் வாழ்வு மோசமாக இருக்க வேண்டும் என்பதே அச்சட்டத்தின் கொள்கை. சோம்பேறிகளை விரட்ட வகுத்த அந்த விதி, உழைக்க முடியாத கிழவர்கள் மீதும் விழுந்தது. சீருடை அணிவிக்கப்பட்டது. ஆண்கள் ஒரு பகுதியிலும் பெண்கள் ஒரு பகுதியிலும் வைக்கப்பட்டனர். நாற்பது ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்த கணவனும் மனைவியும் வாசலில் பிரிக்கப்பட்டனர். அறுபது வயதைக் கடந்த தம்பதியரை இவ்வாறு பிரிக்கலாகாது என்ற சலுகை 1847இல்தான் சட்டத்தில் இடம்பெற்றது.

அம்மனையின் பிடியைத் தளர்த்தியது ஒரு சிறு தொகைப் பணம். 1908இல் நிறைவேறிய முதியோர் ஓய்வூதியச் சட்டம், எழுபது வயதைக் கடந்த வறியவருக்கு வாரம் ஐந்து ஷில்லிங் வரை வழங்கியது. 1909 ஜனவரி முதல் தபாலகங்களில் அப்பணம் கொடுக்கப்பட்டது. கையில் ஐந்து ஷில்லிங் உள்ள கிழவி, மகளின் வீட்டில் ஒரு பங்காளியாக இருக்கலாம். வெறுங்கையோடு இருக்கும் கிழவி அங்கே ஒரு சுமையாகத் தன்னை உணர்கிறாள். பாசத்தின் அளவு மாறவில்லை. அவளது நிலை மாறியது.

சமூகவியலாளர் பீட்டர் டவுன்சென்ட் 1957இல் வெளியிட்ட ஆய்வு கிழக்கு லண்டனின் பெத்னல் கிரீன் பகுதியைப் பற்றியது. அங்கு முதியவர்களில் பலர் மகளின் வீட்டுக்கு மிக அருகில் வசித்து, அன்றாடம் போக்குவரத்து வைத்திருந்ததை அவர் கண்டார். மேற்கில் குடும்பம் செத்துவிட்டது என்ற பொதுக்கூற்றை மறுக்கும் ஆய்வு அது. பின்னர் அவர் 173 முதியோர் நிறுவனங்களை நேரில் பார்த்து, 1962இல் இன்னொரு நூலை வெளியிட்டார். பழைய வேர்க்ஹவுஸ் கட்டடங்களே பெயர் மாற்றப்பட்டு முதியோர் இல்லங்களாகத் தொடர்வதையும், அங்குள்ளோர் தனிமையில் சுருங்கிப்போவதையும் அந்நூல் அம்பலப்படுத்தியது. மகளின் வீட்டுக்கு அருகில் தனக்கென ஒரு வாசல் கொண்டவர்கள் ஒருபுறம். பொது மண்டபத்தில் வரிசையாகப் போடப்பட்ட கட்டில்களில் கிடந்தவர்கள் மறுபுறம். ஒரே ஆய்வாளர் ஐந்தாண்டு இடைவெளியில் இரண்டையும் காட்டினார்.

அதே பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், உஸ்மானிய சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீத் இஸ்தான்புலில் 'தாருல் அஜஸா' என்னும் இயலாதோர் இல்லத்தை நிறுவினார். 1890களின் நடுப்பகுதியில் அது செயற்படத் தொடங்கியது. ரஷ்யப் போரினால் அகதிகள் நிரம்பி, தெருக்களில் பிச்சையெடுப்போர் பெருகிய காலம் அது. அவ்வளவினுள் ஒரு பள்ளிவாசலும் ஒரு தேவாலயமும் ஒரு யூத ஆலயமும் கட்டப்பட்டன. மரணம் நெருங்கும் வயதில் ஒருவருக்குத் தன் வணக்கத்தலம் கைக்கெட்டும் தூரத்தில் வேண்டும் என்பதை அதனைத் திட்டமிட்டவர்கள் உணர்ந்திருந்தனர். அவ்வில்லம் இன்றும் இயங்குகின்றது.

பருத்தி விளைந்த நிலத்தில் ஒரு நகரம்

இதுவரை பார்த்தவை பெரும்பாலும் வறியோருக்கானவை. இன்றைய 'முதியோர் குடியிருப்பு' என்ற எண்ணம், கையில் பணமுள்ள முதியவரை நோக்கி எழுந்தது. அதன் பிறப்பிடம் அமெரிக்காவின் அரிசோனா மாநிலம். 1960 ஜனவரி முதலாம் திகதி, கட்டட ஒப்பந்தக்காரரான டெல் வெப், பீனிக்ஸ் நகருக்கு வெளியே பருத்தி விளைந்த நிலத்தில் 'சன் சிட்டி'யைத் திறந்து வைத்தார். ஐந்து மாதிரி வீடுகளும் ஒரு கடைத்தொகுதியும் பொழுதுபோக்கு நிலையமும் கோல்ஃப் திடலும் தயாராக இருந்தன. முதல் மூன்று நாட்களில் சுமார் ஒரு இலட்சம் பேர் பார்க்க வந்தனர்.

வந்தவர்களைத் தங்கள் பிள்ளைகள் துரத்திவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. தொழிற்சாலைகளிலும் அலுவலகங்களிலும் உழைத்து ஓய்வுபெற்ற அவர்கள், பிள்ளைகளின் வீட்டில் ஒதுங்கியிருக்க விரும்பாமல் தமது தெரிவாகவே அங்கு வந்தனர். அங்கு அவர்கள் பெற்ற நன்மைகள் மெய்யானவை. சம வயதுடைய அயலவர்கள் கிடைத்தனர். கைவினை, நீச்சல், சங்கீதம் என நூற்றுக்கணக்கான சங்கங்கள் தோன்றின. தெருக்களைத் துப்புரவு செய்வதிலும் இரவுக் காவலிலும் அங்குள்ள முதியவர்களே தொண்டர்களாக ஈடுபட்டனர். எழுபது வயதில் ஒருவருக்கு மீண்டும் ஒரு பொறுப்புக் கிடைப்பது சிறிய விடயமன்று.

இதற்கான செலவுப் பக்கமும் உண்டு. ஒவ்வொரு வீட்டிலும் குறைந்தது ஒருவராவது ஐம்பத்தைந்து வயதை எட்டியிருக்க வேண்டும். பத்தொன்பது வயதுக்குக் குறைந்தவர் ஆண்டுக்குத் தொண்ணூறு நாட்களுக்கு மேல் அங்கு தங்க முடியாது. பேரப்பிள்ளை விருந்தாளியாக வரலாம். தாய் தகப்பனை இழந்தால் கூட அங்கு குடியிருக்க முடியாது. பாடசாலைக் கட்டடங்களுக்காகக் கடன் திரட்டும் தேர்தல்கள் வந்தபோது, சன் சிட்டி வாக்காளர்கள் அவற்றைத் திரும்பத் திரும்பத் தோற்கடித்தனர். ஈற்றில் 1970களில் அந்நகரம் அப்பாடசாலை மாவட்டத்திலிருந்தே பிரிக்கப்பட்டது. குழந்தைகளைக் காணாத ஊரில் குழந்தைகளின் தேவையும் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகின்றது. முதியவரைப் பிரித்து வைப்பதால் இளையவரும் இழக்கின்றார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேவையில்லை.

1988இல் அமெரிக்கச் சட்டம், பிள்ளைகளுள்ள குடும்பங்களுக்கு வீடு மறுப்பதைத் தடை செய்தது. ஆனால் முதியோர் குடியிருப்புகளுக்கு விலக்களித்தது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் அவ்விலக்கை மேலும் தெளிவாக்கியது. ஆக, வயதால் வேலியிட்டு வாழ்வது அங்கு சட்டத்தின் அங்கீகாரம் பெற்ற ஒரு வாழ்முறையாகிவிட்டது.

முன்பணமும் ஆயுளும்

இன்னொரு வகைக் குடியிருப்பும் அமெரிக்காவில் வளர்ந்தது. நுழையும்போது ஒரு பெருந்தொகையைக் கட்டினால், சாகும்வரை வீடும் உணவும் மருத்துவக் கவனிப்பும் தருவோம் என்ற வாக்குறுதியின் மீது அது நின்றது. பல சமய நிறுவனங்களும் இம்முறையில் இல்லங்களை நடத்தின. கலிபோர்னியா முதலிய இடங்களில் மெதடிஸ்த திருச்சபையோடு தொடர்புடைய 'பசிபிக் ஹோம்ஸ்' அவற்றுள் ஒன்று. 1977இல் அந்நிறுவனம் வங்குரோத்து நிலையை அறிவித்தது. முதியவர்கள் எதிர்பார்த்ததைவிட நீண்ட காலம் வாழ்ந்தார்கள், விலைவாசியும் ஏறியது, புதிதாக வருவோரின் முன்பணத்தைக் கொண்டு பழையவர்களைப் பராமரிக்கும் கணக்கு ஒரு கட்டத்தில் உடைந்தது. வீட்டை விற்றுப் பணம் கட்டியிருந்தவர்கள் நீதிமன்றம் போனார்கள். பல ஆண்டு வழக்கின் பின்னர் 1980இல் இணக்கம் காணப்பட்டது.

அந்த நிர்வாகிகள் தீயவர்கள் என்பதால் இது நிகழ்ந்தது எனக் கொள்ளத் தேவையில்லை. நல்லெண்ணமும் மார்க்கப் பற்றும் கணக்குக்குப் பதிலாக மாட்டா. கெய்ரோவின் வக்பு வருமானம் வற்றியபோது நடந்ததும், கலிபோர்னியாவில் முன்பணம் தீர்ந்தபோது நடந்ததும் சாராம்சத்தில் ஒன்றே. எண்பது வயதில் ஒருவர் தன் கூரையை இழந்தால் அதனை மீண்டும் சம்பாதிக்க அவருக்குக் காலமில்லை.

இன்னுமோர் ஆபத்தை அண்மைய வரலாறு காட்டியது. கொவிட் பெருந்தொற்றின் முதல் அலையில், ஐரோப்பாவில் நிகழ்ந்த மரணங்களில் பாதியளவு வரை பராமரிப்பு இல்லங்களில் வசித்தோருடையவை என உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பணிப்பாளர் 2020 ஏப்ரலில் தெரிவித்தார். பலவீனமானவர்களை ஒரே கூரையின் கீழ் திரட்டியதன் விலை அது. டென்மார்க் இதற்கு வெகு முன்னரே, 1987இல், பழைய பாணிப் பராமரிப்பு இல்லங்கள் புதிதாகக் கட்டப்படுவதைச் சட்டத்தால் நிறுத்தியது. முதியவருக்கு ஏற்ற தனி வீடுகளையும், வீட்டுக்கே வரும் பராமரிப்பையும் அது தெரிவு செய்தது.

நமது சீதன வீடு

இத்தனையையும் பார்த்த கண்ணால் நம்மையும் பார்க்க வேண்டும். கிழக்கிலங்கை முஸ்லிம்களின் குடும்ப அமைப்பு, முதுமைக் காலத்தைப் பொறுத்தவரை உலகின் மிகச் சிறந்த ஏற்பாடுகளில் ஒன்றைக் கொண்டிருந்தது. தாய்வழிக் குடி முறையும், மணமகன் பெண் வீட்டில் வந்து வாழும் வழக்கமும் அதன் அடிப்படை. மூத்த மகளுக்குச் சீதனமாக வீட்டைக் கொடுத்துவிட்டு, உம்மாவும் வாப்பாவும் மற்றைய பிள்ளைகளோடு அதே வளவிலோ அருகிலோ இன்னொரு வீட்டுக்குப் போவார்கள். அடுத்த மகளுக்கு அதுவும் போகும். கடைசி மகளின் வீட்டிலேயே அவர்களது இறுதிக் காலம் கழியும். அக்கரைப்பற்றில் நீண்ட காலம் ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இம்முறையை விரிவாகப் பதிவு செய்துள்ளார். மருமகளின் குசினியில் தயங்கி நிற்க வேண்டிய நிலை இங்கு உம்மாவுக்கு இல்லை. மகளின் குசினி அவளுடையதும்தான். டவுன்சென்ட் கிழக்கு லண்டனில் கண்ட அருகாமை, நமது வளவுகளில் வழக்காகவே இருந்தது.

எனினும் இவ்வேற்பாட்டின் செலவுப் பக்கத்தை நாம் வாய்விட்டுப் பேசியதில்லை. ஒவ்வொரு மகளுக்கும் வீடு கட்டிக் கொடுத்து முடிக்கும்போது பெற்றோரின் கையில் எஞ்சுவது எதுவுமில்லை. கடைசி உறுதியையும் நொத்தாரிசின் முன் எழுதிக் கொடுத்த பின், தான் கட்டிய வீட்டில் தானே விருந்தாளி. மகள் நல்லவளாகவும் மருமகன் பொறுமைசாலியாகவும் அமைந்தால் அல்ஹம்துலில்லாஹ். அமையாவிட்டால் அந்தக் கிழவி எங்கே போய் முறையிடுவாள்? கவனிப்பின் முழுப் பாரமும் ஒரு மகளின் தோளில் விழுகின்றது என்பதும் மறைக்கப்பட்ட இன்னொரு செலவு. அவள் வெளிநாட்டு வேலைக்குப் போனாலோ நோயுற்றாலோ மாற்று ஏற்பாடு கிடையாது. மகளே இல்லாதவரின் நிலைமை இவ்வமைப்பில் பேசப்படுவதேயில்லை.

2004 டிசம்பர் 26ஆம் திகதி வந்த சுனாமி இந்த வளவுகளையே அள்ளிச் சென்றது. வடக்கு கிழக்கில் கடலோரத்திலிருந்து 200 மீற்றருக்குள் மீளக் கட்டக்கூடாது என்ற அறிவிப்பு, நெருங்கி வாழ்ந்த குடும்பங்களை முதலில் கூடாரங்களிலும் பின்னர் தூரத்துக் குடியேற்றங்களிலும் சிதறவைத்தது. பரம்பரையாகப் பெண்ணுக்குரியதாக இருந்த வீட்டுக்குப் பதிலாகக் கிடைத்த புதிய வீட்டை, 'குடும்பத் தலைவர்' என்ற பெயரில் ஆணுக்கு எழுதும் நிலை பல இடங்களில் ஏற்பட்டது. ஒரே வீட்டில் வாழ்ந்த உம்மம்மா, உம்மா, மகள் மூவருக்கும் உதவித் திட்டத்தின் பட்டியலில் இருந்தது ஒரு வீடு மட்டுமே. மகளின் வீட்டில் முதுமையைக் கழிப்பது என்ற ஏற்பாடு, மகளுக்கு வீடு இருந்தால் மாத்திரமே செல்லும் என்பதை அந்த அனுபவம் உணர்த்தியது.

அரசு 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டத்தின் மூலம் பெற்றோரைப் புறக்கணிக்கலாகாது என்று விதித்துள்ளது. பராமரிப்புக் கோரி விண்ணப்பிக்க ஒரு சபையையும் அமைத்துள்ளது. ஆனால் சொந்த மகனுக்கு எதிராக விண்ணப்பம் எழுதும் உம்மாக்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? சட்டம் பணத்தை வாங்கிக் கொடுக்கலாம். மாலையில் அருகில் வந்து அமர்ந்து பேச ஒருவரை அதனால் வாங்கிக் கொடுக்க முடியாது. கொழும்பில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து கத்தோலிக்கக் கன்னியாஸ்திரிகள் வறிய முதியோரை மத பேதமின்றிப் பராமரித்து வருகின்றனர். அவர்களின் தொண்டை நன்றியோடு நினைக்க வேண்டும். அதே வேளையில், நமது முதியவர் ஒருவரின் வுழூவும் தொழுகையும் இறுதிக் கலிமாவும் பிறரின் பொறுப்பில் விடப்படலாமா என்ற கேள்வி நமக்குரியது.

தராசில் நிற்பது எது?

வரலாற்றின் இந்தப் பக்கங்களை ஒன்றாக வைத்துப் பார்த்தால், 'பிள்ளையின் வீடா, முதியோர் குடியிருப்பா' என்று நாம் வழக்கமாகக் கேட்கும் கேள்வி அரைகுறையானது என்பது புலப்படும். அந்தக் கூரையின் கீழ் முதியவர் எந்த அந்தஸ்தில் படுத்துறங்குகின்றார் என்பதையே முதலில் கேட்க வேண்டும். கராபாவின் விதவைக்கு ஒதுக்கப்பட்ட உணவு இருந்தது. ஃபுக்கரையின் கிழவருக்குத் தன் வாசல் இருந்தது. ஐந்து ஷில்லிங் வைத்திருந்த லண்டன் கிழவிக்கு மகளின் வீட்டில் ஒரு பங்கு இருந்தது. வேர்க்ஹவுஸில் இருந்தவருக்கு இவற்றில் எதுவும் இல்லை. எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டு மகளின் வீட்டு விறாந்தையில் இருப்பவருக்கும் எழுத்தில் எதுவும் இல்லை. அவருக்குள்ளது அன்பு மட்டுமே. அன்பு பெரிது. ஆனால் ஸுபைர் (ரழி) போன்ற ஒருவரே தமது மகளுக்காக அன்பை மட்டும் நம்பியிருக்கவில்லை.

இதிலிருந்து நாம் செய்யக்கூடியவை சில உள்ளன. முதலாவது, வீட்டைச் சீதனமாக எழுதும்போதே பெற்றோர் தமக்குச் சீவிய உரித்தை ஒதுக்கிக்கொள்வது. நாட்டுச் சட்டத்தில் அதற்கு வழியுண்டு. அதனைக் கேட்பது மகளின் மீதான அவநம்பிக்கை என்ற எண்ணம் போக வேண்டும்.

இரண்டாவது, வக்பு பற்றியது. ஒருவர் தனக்காகவே வக்பு செய்வதை ஹனபி மத்ஹபின் இமாம் அபூயூசுப் அனுமதித்தார். நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் வலுவான கருத்து அதனை ஏற்கவில்லை. ஆனால் ஊரின் முதியவர்களுக்காகவும் விதவைகளுக்காகவும் பிறர் வக்பு செய்வதற்கு எந்தத் தடையுமில்லை. 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க வக்புச் சட்டம் அதற்கான சட்டச் சட்டகத்தைத் தந்துள்ளது. நம்பிக்கையாளர்கள் கணக்கு வைத்துக் காட்ட வேண்டும் என்ற கடப்பாடும் அதில் உண்டு. நமது ஊர்களில் வக்பு என்றால் பெரும்பாலும் பள்ளிவாசலுக்குக் கடையறைகள் கட்டி வாடகைக்கு விடுவதாகவே இருக்கின்றது. அதே வளவில் பத்துச் சிறு வீடுகள் கட்டி, கடையறைகளின் வாடகையில் ஒரு பங்கை அவற்றின் பராமரிப்புக்கென எழுதி வைத்தால் என்ன?

அவ்வீடுகளுக்கு வரலாறு சில நிபந்தனைகளை விதிக்கின்றது. ஊருக்கு வெளியே காணி மலிவு என்பதற்காக அங்கே கட்டலாகாது. முதியவர் வாழ்ந்த அதே ஊரில், பாங்கொலி கேட்கும் தூரத்தில், பாடசாலைப் பிள்ளைகள் போய்வரும் பாதையில் அவை இருக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் தனி வாசலும் அதன் திறப்பும் வேண்டும். பேரப்பிள்ளை வந்து எத்தனை நாளும் தங்கலாம். குடியிருக்கும் உரிமை எழுத்தில் இருக்க வேண்டும். நிர்வாக சபை மாறினாலும் அது மாறலாகாது. விரும்பினால் மகளின் வீட்டுக்குத் திரும்பிப் போகும் வழி எப்போதும் திறந்திருக்க வேண்டும். அங்கிருப்போருக்குக் குர்ஆன் ஓதிக் கொடுத்தல், ஊர் விவகாரங்களில் ஆலோசனை சொல்லுதல் போன்ற பொறுப்புகளும் வேண்டும். இவை இல்லாமல் கட்டினால், எவ்வளவு அழகிய பெயர் வைத்தாலும் அது டவுன்சென்ட் கண்ட மண்டபமாகவே முடியும்.

இவ்வாறான வீடுகள் வந்தால் பிள்ளைகள் பெற்றோரைக் கொண்டுவந்து தள்ளிவிடுவார்களே என்று சிலர் அஞ்சலாம். அந்த அச்சம் ஆதாரமற்றதன்று. ஆனால் தள்ளிவிட நினைக்கும் பிள்ளை, தள்ளுவதற்கு இடமில்லாதபோது பெற்றோரை வீட்டுக்குள்ளேயே தள்ளி வைக்கின்றது. அதனை அயலவர் காண்பதில்லை, குத்பாவும் பேசுவதில்லை. இருநூறு அடி தூரத்தில் சொந்த வாசலோடு வாழும் உம்மாவை அஸருக்குப் பின் போய்ப் பார்க்கும் மகள், அதே வீட்டில் வைத்துக்கொண்டு முகம் கொடுக்காத மகளைவிட அந்த வசனத்துக்கு நெருக்கமானவள். நமது பள்ளிவாசல் நம்பிக்கையாளர்கள் அடுத்த கடையறைத் தொகுதிக்கு அத்திவாரமிடும் முன், அந்த வளவில் ஊரின் முதியவர்களுக்கும் இடமுண்டா என்பதை ஒரு தடவை கூடிப் பேசினால் அதுவே நல்ல தொடக்கமாகும்.